சின்னக்கண்ணு மேல் தப்பில்லை

2001 பிப்ரவரியில், புதுச்சேரியில் ஒரு தபால் நிலையத்துக்கு எதிரே கடை திறந்தேன். ஐ.எஸ்.டி. பூத், ஜெராக்ஸ், பார்சல் தைத்தல்.

எங்கள் பக்கம் பல வீடுகளுக்குப் பிரான்சில் ஓர் ஆள் இருப்பது உங்களுக்குத் தெரியும், ஐயா. வடகம், மிளகாய்த்தூள், கோயிலில் பிள்ளைகள் முதல் நன்மை வாங்கும் நாளுக்குத் தைத்த கவுன் என்று அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். காடாத்துணியில் தைத்து, தையல் மேல் அரக்கு வைத்துக் கொடுப்பேன். கூடவே யோசனையும் சொல்வேன். எண்ணெய் ஊறுகாய் வேண்டாம், பக்கத்தில் இருக்கிறவர் கடிதம் நாசமாகும். பிரான்சு முகவரியில் ஊரின் பின்கோடு எண் முதலில், ஊர்ப் பெயர் பிறகு. அசல் தாள்கள் என்றால் பதிவுத் தபால்தான். கையெழுத்து வாங்காமல் யாரிடமும் கொடுக்க மாட்டார்கள். 2004 வரை யாருக்கும் தவறான யோசனை சொன்னதில்லை.

உங்கள் இலாகா தபால்காரர் சின்னக்கண்ணுவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். அதற்காகத்தான் வந்தேன். அவருக்கு இரண்டு பெண்கள். தபால்காரர் எழுதியதற்கெல்லாம் தபால்காரரே காரணம் ஆகிவிட மாட்டார்.

முதலியார்பேட்டை ரோசா தட்டாஞ்சாவடியில் ஒரு மருந்து டப்பா கம்பெனியில் வேலை பார்த்தாள். மகள் ஜெர்லின் பிளஸ் டூ. பகலில் வீட்டில் பூட்டுதான். அதனால் அவர்களுடைய தபாலை என் கடையில் கொடுத்துவிடும்படி ரோசாவே சொல்லி வைத்திருந்தாள். பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு இங்கே அதுதான் வழக்கம். பதிவுத் தபாலை மட்டும் அப்படிக் கொடுக்க முடியாது. வந்திருக்கிறது என்று ஒரு சீட்டு கொடுப்பார்கள். ஏழு நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் அனுப்பியவருக்கே திரும்பிவிடும்.

ரோசாவின் கணவர் பிரகாசம் பிரான்சில் ஒரு ஓட்டல் சமையலறையில் இருந்தார். மனைவியையும் மகளையும் அழைத்துக்கொள்ள அனுமதி வாங்கி, அந்தத் தாள்களை 2004 ஜூன் மாதம் பதிவுத் தபாலில் அனுப்பினார். அக்டோபரில் ஜெர்லினுக்குப் பதினெட்டு முடியும். அதற்கு முன் அவற்றை விசா மனுவோடு சேர்க்காவிட்டால் பெண் வர முடியாது, தாய் மட்டும்தான் வரலாம் என்று அவர் விசாரித்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பேசுவது என் பூத்துக்குத்தான். ஆகவே கெடு எனக்கும் தெரியும்.

ஜெர்லின் கலகலப்பான பெண். நான் பார்சல் தைக்கும்போது எதிரே உட்கார்ந்து கிண்டல் செய்வாள்.

"அங்கிள், உங்கள வுட்டா ஏரோப்ளேனுக்கே துணி சுத்தி அரக்கு வச்சுடுவீங்க."

"உன்னயும் தச்சு அனுப்பிடறேன், டிக்கெட்டு மிச்சம்."

"அய்ய, எடை போட்டா கட்டுப்படி ஆவாது உங்களுக்கு."

ஒரு திங்கட்கிழமை சின்னக்கண்ணு சைக்கிளில் இருந்து இறங்காமலே சீட்டை நீட்டினார். "தேவதாசு, ரோசாம்மாவுக்கு பிரான்ஸ் ரிஜிஸ்தர் வந்துருக்குது. வந்து வாங்கிக்க சொல்லு. மறந்துடாதய்யா."

நான் மறக்கவில்லை. சீட்டை மேசை இழுப்பறையில் வைத்தேன். அன்று மாலை ரோசா வேலை முடிந்து வந்து, "வந்துச்சாண்ணே?" என்றாள். "கடுதாசி ஒண்ணும் வரலம்மா" என்றேன். மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும். வாசலில் நின்று கேட்டுவிட்டு, எதிரே இருந்த தபால் நிலையத்தைப் பார்த்துவிட்டுப் போவாள். தாள்கள் அந்தக் கட்டடத்துக்குள்தான் இருந்தன. நான் எதையும் திருடவில்லை, கிழிக்கவில்லை, பிரிக்கவில்லை. காத்திருந்தேன், அவ்வளவுதான். மீதியை உங்கள் ஏழு நாள் விதியே செய்தது.

தபால் திரும்பிவிட்டது என்று பிரகாசம் பதறினார். அடுத்த முறை கூரியரில் போடட்டுமா என்று என்னையே கேட்டார். பூட்டின வீட்டுக்குக் கூரியர் சரிப்படாது, பதிவுத் தபாலே பத்திரம் என்றேன். நம்பினார். செப்டம்பரில் மறுபடி வந்தது. இந்த முறை உறையோடு வந்த சின்னக்கண்ணு, "அந்தம்மா எப்பய்யா ஊட்ல இருக்கும்? நானே கைல குடுத்துடறேன்" என்றார்.

"அவங்க வீட்ட காலி பண்ணிட்டாங்க. பிரான்ஸே போயிட்டாங்க" என்றேன்.

"போயிட்டாங்களா? சொல்லவே இல்ல பாரு. நல்லா இருக்கட்டும், பாவம்."

சந்தோஷமாகவே சொன்னார். 'வீடு காலி செய்துவிட்டார்கள்' என்று அந்த உறை மேல் அவர் எழுதியது என் வார்த்தை. திரும்பிய செய்தி கேட்டு ரோசா தபால் நிலையத்தில் போய்ச் சண்டை போடக் கிளம்பினாள். சண்டை போட்டால் பகை வரும், அடுத்த தபாலும் வராது என்று நான்தான் உட்கார வைத்தேன். என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். சோடா வாங்கிக் கொடுத்தேன். அக்டோபர் முடிந்தது.

காரணம் கேட்கிறீர்கள். என் மகன் லூர்துவுக்கு அப்போது இருபத்தாறு வயது. வெளியில் யாரிடமும் அதிர்ந்து பேச மாட்டான். வீட்டில் கை ஓங்குவான். அவன் அம்மா இருந்தவரை அவள் தாங்கினாள். 2003இல் அவள் இறந்த பிறகு, வீட்டில் நான் ஒருவன்தான். எனக்குச் சர்க்கரை இருக்கிறது. பட்ட காயம் ஆறுவதில்லை. போலீசுக்குப் போவதா, பெற்ற பிள்ளை மேல். ஒரு கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடுவான் என்று எங்கள் பங்குக் கோயிலில் எல்லாரும் சொன்னார்கள். தெரிந்த இடங்களில் பெண் கொடுக்கவில்லை.

கெடு தாண்டிய பெண்ணை இங்கே தனியாக விட்டுவிட்டுத் தாய் எப்படிப் போவாள்? கல்யாணம் செய்து கொடுத்துவிட்டால் போகலாம். நான் அதைச் சொன்னபோது ரோசா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க இருக்கீங்கன்னுதாண்ணே குடுக்கறேன்" என்றாள். 2005 ஜனவரியில் கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்துக் கல்யாணம் நடந்தது. மே மாதம் ரோசா விமானம் ஏறினாள். அங்கே போய்த்தான் அந்த உறையைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். நாங்கள் வீடே மாறவில்லையே என்று உங்களுக்குப் புகார் எழுதியது அதன் பிறகு. புகாரில் என் பெயர் இல்லை. இன்னும் எனக்கு அவள் ஜெபமாலை அனுப்புகிறாள்.

கல்யாணத்துக்குப் பிறகு லூர்து என் மேல் கை வைத்ததில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். அந்த அளவுக்குத் திருந்திவிட்டான்.

ஜெர்லின் இப்போது கடையில் என்னோடு பார்சல் தைக்கிறாள். தையல் நேர்த்தியாக இருக்கும். பேச்சு குறைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூத்தில் தாயோடு பேசும்போது லூர்து கதவருகே நிற்பான். "நல்லா இருக்கறம்மா" என்பாள். வேறெதுவும் சொல்ல மாட்டாள். இடது காது கேட்காததால் போனை வலது பக்கம் வைத்துக்கொள்கிறாள். வாடிக்கைக்காரர்களையும் வலது பக்கம் வந்து நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

காது போனது ஆகஸ்டில். பெரிய ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் வைத்திருந்தார்கள். மாடிப்படியில் விழுந்தாள் என்று நான்தான் டாக்டரிடம் சொன்னேன். எங்கள் வீட்டுக்கு மாடி கிடையாது. கடைசி நாள் காலை அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, என்ன எங்கம்மாகிட்ட அனுப்பிடுங்க. உங்களுக்குத்தான் எல்லா ரூலும் தெரியுமே. எதனா ஒரு வழி இருக்கும், சொல்லுங்க மாமா."

வழி இல்லை, வயது தாண்டிவிட்டது என்றேன். இந்த முறை நான் சொன்னது உண்மை.

அவள் சட்டையை விட்டுவிட்டாள். அழைத்துப் போவது யார் என்று நர்ஸ் கேட்டார். உறவு என்று இருந்த இடத்தில் 'தகப்பன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆட்டோ பிடித்து அவளை வீட்டுக்கு அழைத்து வந்தேன்.