ஏணிக்காரி கையில் ஒரு கடிதம்

– இந்தப் புதிர்ப் படத்தோட ஓரத் துண்டையெல்லாம் மூடியில போடு பாப்பா. பட்டனைப் பிரிக்கிற மாதிரி நிறம் நிறமா பிரிச்சாத்தான் வேலை நடக்கும்.

– இந்த வயசுல என்னைப் பாப்பான்னு கூப்பிடுற ஒரே ஆள் நீதாம்மா.

– அம்பத்தெட்டெல்லாம் ஒரு வயசா? ரிட்டையர் ஆன மறுநாளே கிழவி வேஷம் கட்டாதே.

– சரி சரி. இதைப் பாரு. பச்சைப் பாவாடை, ஏணிக் கம்பி. ஏணிக்காரியோட கால்.

– அப்பா கொண்டுவந்த பெட்டியிலயும் இந்தக் கால்தான் முதல்ல சேர்ந்துது. வீடு மாத்துறப்ப அது எங்கே தொலைஞ்சுதோ.

– அதனாலதான் பழைய சாமான் கடையில இதைப் பார்த்ததும் தூக்கிட்டு வந்துட்டேன். அதே லைப்ரரி, அதே ஏணி, ஜன்னல்ல அதே கடல். ஆனா ஒரு விஷயம்மா. பெட்டிக்குப் பின்னால இருக்கிற வெளிநாட்டு எழுத்தை, அந்தப் பாஷை தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட காட்டிக் கேட்டேன்.

– எதுக்கு வேலையத்த வேலை?

– கேளு. ஐந்நூறு துண்டு, ஈரத்துல வைக்காதீங்க, சின்னப் பிள்ளை வாயில போட்டுக்கப் போகுது. அவ்வளவுதான் இருக்கு. ஒரு வரிகூடக் கதை இல்ல. அப்பா தினம் சாயங்காலம் இதைத் திருப்பி வெச்சுக்கிட்டுத்தானே வாசிச்சார்?

– அந்தப் பெட்டி வேற மாதிரி இருந்திருக்கும். கம்பெனிக்காரன் மாத்தியிருப்பான்.

– நானும் அப்படித்தான் நினைச்சேன். இத்தனை வருஷம் லைப்ரரி வேலையில உட்கார்ந்து அந்தக் கதை எந்தப் புத்தகத்துல இருக்குன்னு தேடாத நாள் இல்ல. பதினாலு லைப்ரரிக்கு லெட்டர் போட்டேன். எல்லாரும் கையை விரிச்சுட்டாங்க. அதான் டிக்கெட் எடுத்துட்டேன்.

– எங்கே போக?

– பெட்டியில போட்டிருக்கிற ஊருக்குத்தான். வர்ற வியாழக்கிழமை. அங்கே பெரிய லைப்ரரி இருக்காம், ரெண்டு மாசம் தங்கித் தேடப் போறேன்.

– நல்லாருக்கு. மாடி ஏறினாலே முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ற. கடல் தாண்டிப் போறாளாம்.

– எனக்கு முடிவு தெரியணும்மா. எனக்குப் பதினொரு வயசு ஆனதுலேர்ந்து அவ ஏணியிலயே நிக்கிறா, கையில அந்த லெட்டரோட. பிரிக்கப் போறா, மீதி நாளைக்குன்னு அப்பா பெட்டியை மூடினார். மறுநாள் துறைமுகத்துலேர்ந்து அவரைத் தூக்கிக்கிட்டுத்தான் வந்தாங்க. நாப்பத்தேழு வருஷம் ஆச்சு, இன்னும் எனக்கு ஆறல.

– அந்தக் கடல் துண்டை இப்படித் தள்ளு.

– எவ்வளவு அழகா சொல்வார். கதையில வர்ற அந்தக் கப்பல்காரன் கோட்டோட உள்துணியைப் பிரிச்சு, லெட்டரை உள்ளே வெச்சு, மேல ஓட்டுத் தையல் போட்டு…

– ஓட்டுத் தையல் இல்ல, கெட்டித் தையல். ஓட்டுத் தையல் போட்டா ஒரு மழைக்குத் தாங்குமா?

– உனக்கு எப்படித் தெரியும்? நீதான் தையல் மிஷினை விட்டு எழுந்து வந்ததே இல்லையே.

– காது இருக்குல்ல. பாப்பா, அந்த டிக்கெட்டைத் திருப்பிக் குடுத்துடு.

– முடியாது.

– அங்கே அந்தப் புத்தகம் இல்லடி. எங்கேயுமே இல்ல.

– நீ எதை வெச்சுச் சொல்ற?

– உங்கப்பாவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். இத்தனை வருஷம் காப்பாத்திட்டேன். இப்ப நீ ஊர் ஊரா அலையப் போறேங்கிறதால சொல்றேன், அவர் மன்னிச்சுக்கட்டும். அவருக்கு வாசிக்கத் தெரியாது. அந்தப் பாஷை மட்டுமில்ல, நம்ம பாஷையும் தெரியாது.

– என்னம்மா உளர்ற? தினம் பேப்பர் பார்ப்பாரே.

– படம் பார்ப்பார்.

– ஸ்கூல் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடுவாரே.

– நான் சொல்லிக் குடுத்தது. வெட்டுத் துணியில சாக்பீஸால எழுதிக் காட்டுவேன், ஒரு மாசம் ஆச்சு. அந்தப் பெட்டி, கப்பல்ல உடைஞ்ச சரக்குல கிடைச்சுது. உனக்குப் புத்தகம்னா உயிர், லைப்ரரி படம் போட்டிருக்கேன்னு கேட்டு வாங்கிட்டு வந்தார். நீ மடியில ஏறி உட்கார்ந்து, பின்னால என்னப்பா எழுதியிருக்கு, வாசின்னே. தெரியாதுன்னு சொல்ல அவருக்கு வாய் வரல.

– என்கிட்ட சொல்லியிருந்தா நானே கத்துக் குடுத்திருப்பேனே.

– அதுக்குத்தான் பயந்தார். பொண்ணு முன்னால தலை குனிய வெச்சுடாதேன்னார்.

– அப்போ ஆறு மாசமா தினம் சொன்னது எந்தப் புத்தகத்துலயும் இல்லையா? அம்மா, எத்தனை ஆயிரம் எழுத்தாளர் பேரை இந்தக் கையால அட்டையில எழுதி அடுக்கியிருக்கேன். என் வீட்டுக்குள்ளயே ஒருத்தர் இருந்திருக்கார், எனக்குத் தெரியலையே.

– அழாதே. துண்டெல்லாம் நனையுது. ஊறிப்போச்சுன்னா அப்புறம் பொருந்தாது.

– நீயாவது பக்கத்துல உட்கார்ந்து அவர்கிட்ட மீதியைக் கேட்டு வெச்சிருக்கக் கூடாதா? உனக்குத்தான் அவர் ஆரம்பிச்சாலே கொட்டாவி வந்துடுமே.

– வராம என்ன செய்யும். ஒரே கதை ஒரு நாள்ல ரெண்டு தடவைன்னா யாருக்குத்தான் வராது.

– கிண்டல் பண்ணாதேம்மா. அந்த லெட்டர்ல என்ன இருந்துதுங்கிறது அவரோடவே போயிடுச்சு.

– போகலடி. அவர் போன அன்னிக்கு மத்தியானம் சாப்பிட வந்தப்பவே, தினம் போல அடுத்தது என்னன்னு என்கிட்ட கேட்டார். எனக்குத்தான் அவசரமா முடிக்கவேண்டிய ஒரு யூனிஃபார்ம் இருந்துது, சாயங்காலம் வாங்க, சொல்லித் தர்றேன்னு அனுப்பிட்டேன்.