பந்தை மருந்து அலமாரியில் பூட்டிய சிஸ்டரம்மாவுக்கு

மூட்டை சுமந்த முதுகுகளை முகம் பார்த்து விசாரித்தவரே! ஊசியோடு வந்து எங்கள் வாயில் விசிலை வைத்தவரே! சுகாதார நிலையத்தின் சுறுசுறுப்பே, கிடங்குக் கைப்பந்துக் குழுவின் தாயே, சிஸ்டரம்மா! தாங்கள் பணி ஓய்வு பெறும் இந்நாளில் சுமைத் தொழிலாளர்கள் நாங்கள் சேர்ந்து சொல்லும் வணக்கம்.

தாங்கள் வந்த புதிதில், இலவசப் பரிசோதனை என்று ஒலிபெருக்கி வைத்துக் கூப்பிட்டும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. வேலை முடிந்தால் படுக்கை, படுத்தால் இடுப்பு வலி, வலித்தால் ஒரு மாத்திரை என்று காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தோம். தாங்கள் கோபிக்கவில்லை. கிடங்குக்குப் பின்னால், லாரி திரும்பும் காலி இடத்தில் வலையைக் கட்டினீர்கள். பந்தை மட்டும் மருந்து அலமாரியில் வைத்துப் பூட்டினீர்கள்!

முதலில் வந்த எங்கள் மேஸ்திரி எகிறினார்: "விளையாட வந்தவன் கையில எதுக்கு சிஸ்டர் பிரஷர் பட்டை? நான் என்ன சீக்காளியா? எனக்கு ஒண்ணுமில்ல, அலைச்சல்தான்."

"பந்து அலமாரியில இருக்குண்ணே. நீங்க கையை நீட்டுங்க, நான் சாவியை நீட்டுறேன்" என்றீர்கள்.

நீட்டினார். ரத்த அழுத்தம் ஏறிக் கிடந்தது. அன்று அவருக்குப் பந்து இல்லை, நடுவர் விசில்தான். மாத்திரையும் நடையுமாக அழுத்தம் இறங்கிய பிறகே வலைப்பக்கம் விட்டீர்கள். அதுவரை "வாங்க விசிலு" என்று நாங்கள் செய்த கேலியை மனுஷன் இன்னும் மறக்கவில்லை. இன்றைக்கு அவர் எம்பி அடித்தால் தடுக்க ஆளில்லை! பெண்களுக்கும் ஒரு குழு கண்டீர்கள், "அடுப்ப யாரு பாக்குறது?" என்று முனகிய கணவன்மாரைப் பந்து பொறுக்க வைத்தீர்கள்!

பொறுமையின் பொக்கிஷமே! ஒரு குறையையும் இந்த மடலில் சொல்லியாக வேண்டும். இத்தனை வருஷமாக எங்கள் கையைப் பிடித்துப் பார்த்த தாங்கள், தங்கள் கையை யாரிடமும் நீட்டியதில்லை. சென்ற வாரம் மேஸ்திரிதான் மல்லுக்கட்டிப் பட்டையைச் சுற்றினார். எண் ஏறிக்கொண்டே போனது. தங்களுக்கும் ரத்த அழுத்தம்!

"ஒண்ணுமில்லண்ணே, அலைச்சல்தான்" என்றீர்கள்.

"இதத்தானே நானும் சொன்னேன்? பந்து கிடையாது. விசிலைப் பிடிங்க சிஸ்டர்!"

ஆகவே, நினைவுப் பரிசாக அந்த விசிலையும் நடப்பதற்கு ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூவையும் தருகிறோம். அலமாரிச் சாவி புது சிஸ்டரிடம் பத்திரமாக இருக்கிறது. பட்டை கட்ட மேஸ்திரி பழகிவிட்டார். குழுவைப் பற்றிய கவலையைத் தாங்கள் இறக்கி வைத்துவிடலாம். வேளை தவறாமல் மாத்திரை விழுங்கி, மாலைதோறும் மைதானத்தைச் சுற்றி வந்து, நோய் அண்டாமல் நூறாண்டு வாழ்க! வேலையிலிருந்து விடை கொடுக்கிறோம். மைதானத்திலிருந்து விடுவதாக இல்லை. திங்கட்கிழமை மாலை காத்திருப்போம். முதலில் கை, அப்புறம்தான் பந்து.

இங்ஙனம்,
தங்களிடம் கை நீட்டிப் பிழைத்த
கிடங்குச் சுமைத் தொழிலாளர்கள், கைப்பந்துக் குழுவினர்