இரண்டாம் பொத்தான்

விடியற்காலை ஐந்து பத்து. மலேசியாவின் கேமரன் மலையிலிருந்து இறங்கும் பாதை. ஒரு பக்கம் தேயிலை. இன்னொரு பக்கம்... ஒன்றுமே இல்லை, வெறும் பள்ளம். அந்த நேரத்தில் அங்கே போய்க்கொண்டிருந்தது ஒரே ஒரு கார். ஓட்டியவள் இனியா. நம் அனுப்ரியாவின் அக்கா. இன்னும் கிட்டே வாருங்கள், இதை உரக்கச் சொல்ல எனக்கே தைரியம் இல்லை.

முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது இனியாவின் கணவன் அர்ஜுன் வாங்கியது. வாங்கியபோது அவன் பக்கத்தில் இருந்தவள் முதல் மனைவி வர்ஷா. காய்ச்சல் என்று படுத்தவள் எழவில்லை. நான்கு வருடம் ஆகிறது. வர்ஷா நல்ல உயரம், காலை நீட்டி உட்காருபவள். நம் இனியாவுக்கோ குதிகால் செருப்புப் போட்டால்தான் ஐந்தடி.

ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் ஒன்று, இரண்டு என்று எண் போட்ட இரண்டு பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் இருக்கை தானாக நகர்ந்து அர்ஜுனின் அளவுக்கு நிற்கும். இரண்டை அழுத்தினால் வர்ஷாவின் அளவுக்கு. கல்யாணமான புதிதில் அந்த இரண்டில் தன் அளவைப் பதியப் போனாள் இனியா. அர்ஜுன் சட்டென்று அவள் கையைப் பிடித்தான்.

"அத மட்டும் தொடாத லா... ப்ளீஸ்."

சரி, போகட்டும் என்று விட்டாள். ஆனால் ஒருநாள் சாயங்காலம், சிங்கப்பூரின் செம்பவாங்கில் அவர்கள் அடுக்குமாடி புளோக்கின் கார் பார்க்கில், குடை எடுக்கப் போனவள் அதைப் பார்த்துவிட்டாள். அர்ஜுன் பயணி இருக்கையில் தனியாக உட்கார்ந்திருந்தான். எட்டி இரண்டை அழுத்தினான். ர்ர்ர்... ஆளில்லாத ஓட்டுநர் இருக்கை மெல்லப் பின்னால் போய் நின்றது. அதைப் பார்த்து அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவன் இனியாவிடம் ஒருநாளும் சிரித்ததில்லை.

வயிறு எரிந்தது அவளுக்கு. எரியாதா? உயிரோடு இருக்கும் சக்களத்தி என்றால் முடியைப் பிடித்து ஆய்ந்துவிடலாம். போய்ச் சேர்ந்தவளை என்ன செய்வது?

டிசம்பர் வந்தது. விடுமுறைக்குக் கேமரன் போகலாம் என்றான் அர்ஜுன். பெட்டரி பழசு, தினமும் காலையில் முனகி முனகித்தான் கார் எழும். இனியா இதுதான் சாக்கு என்று பிடித்துக்கொண்டாள்.

"மேல குளிர்ல நின்னுட்டா என்ன பண்றது? நானே போய் மாத்திட்டு வரேன்."

லிட்டில் இந்தியாவில் ஒரு பின்தெரு. காதர் மைதீனின் பெட்டரிக் கடை. மனிதர் நாலைந்து பெட்டரிகளை வரிசையாக வைத்தார்.

"நம்ம ஊரு வெயிலுக்கு எதப் போட்டாலும் ஓடும்மா. மலைக்குன்னா இந்த நம்பரப் பாருங்க, இது பெருசா இருக்கணும். குளிர்ல இஞ்சின் எண்ணெய் கெட்டியாயிடும். ஸ்டார்ட் பண்றப்ப ஒரே உதையா உதைக்கணும்."

இருந்ததிலேயே பெரிய எண்ணைக் காட்டினாள் இனியா. விலைகூடக் கேட்கவில்லை. பழசைக் கழற்றும் முன் அவர் வயரோடு ஒரு குட்டி பெட்டரியை எடுத்தார்.

"இத மாட்டிட்டுத்தான் கழட்டுவேன். இல்லாட்டி கடிகாரம், ரேடியோ, சீட்டு... எல்லாத்தையும் கார் மறந்துடும்."

"மாட்டாதீங்க."

"மறந்துடும்மா..."

"மறக்கட்டும் பாய்."

வேலை முடிந்ததும் அவளே உட்கார்ந்து இரண்டை அழுத்திப் பார்த்தாள். இருக்கை அசையவில்லை. மறுபடி அழுத்தினாள். ஊஹூம். போகிற வழியில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம், சிக்னலில் நின்றபோது பாட்டே பாடினாளாம்.

அன்று அர்ஜுனும் அழுத்திப் பார்த்தான். "பெட்டரி மாத்தினா அப்படித்தானாம்," என்றாள். அவன் நெடுநேரம் காரிலேயே இருந்தான்.

கேமரனில் இரண்டு நாள் நன்றாகத்தான் போனது. கோஸ்வே எல்லைப் பாலத்தின் நெரிசலுக்கு முன் போய்விடலாம் என்று மூன்றாம் நாள் விடியுமுன்பே கிளம்பினார்கள். கண்ணாடி முழுக்கப் பனி. சாவியைத் திருகினாள்... ஒரே உதை. கார் உறுமி எழுந்தது. இனியாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அர்ஜுன் பக்கத்தில் உட்கார்ந்ததும் தூங்கிப்போனான்.

மூன்றாவது வளைவு. கடிகாரத்தில் ஐந்து பத்து.

முதலில் வாசனை. கோடாலித் தைலம். அவள் அதைத் தொடவே மாட்டாள், வாசனை பட்டாலே தலைசுற்றும். கண்ணாடியை இறக்கினாள். குளிர்தான் வந்தது, வாசனை போகவில்லை.

அப்புறம்...

ர்ர்ர்...

இருக்கை நகர்ந்தது. அவள் எதையும் தொடவில்லை, இரண்டு கையும் ஸ்டியரிங்கில். பின்னால்... இன்னும் பின்னால்... கொஞ்சம் சாய்ந்து நின்றது. கால் பிரேக்கைத் தேடியது. எட்டவில்லை. நுனிக்கு நகரப் பார்த்தாள். சீட் பெல்ட் இறுகப் பிடித்துக்கொண்டது. கார் இறக்கத்தில் வேகம் பிடித்தது. முன்னால் வளைவு.

கைப்பிரேக்கை இழுத்தாள், உயிர்போகிற இழுப்பு. கிரீச்... ரப்பர் கருகிய நாற்றம். கார் ஒரு சுற்றுச் சுற்றிப் பள்ளத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

அர்ஜுன் கண்ணைத் திறந்தான். வெளியே பார்க்கவில்லை. பதறவில்லை. மூச்சை ஆழமாக இழுத்தான், வாசனை பிடிப்பதுபோல. மெதுவாக அவள் பக்கம் திரும்பினான். அவள் முகத்தை நேராகப் பார்த்துச் சிரித்தான். அதே சிரிப்பு.

"எப்ப வந்த?" என்றான்.

ஊர் திரும்பிய அன்று இனியா இதைத் தங்கையிடம் அழுது அழுது சொன்னாள். அந்த ஒரு தடவைதான். பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை. இப்போது இருவரும் ரொம்ப அன்னியோன்னியம் என்கிறாள் அனுப்ரியா. அர்ஜுன் தனியாகக் கார் பார்க்குக்குப் போவதை அடியோடு விட்டுவிட்டானாம்.

போன வாரம் அக்கா அவளைக் காரில் ஏற்றிக்கொண்டாள். உள்ளே தைல வாசனை. ஓட்டுநர் இருக்கை கடைசிவரை பின்னால் தள்ளிக் கிடந்தது. எப்படி ஓட்டுகிறாள் என்று அனுப்ரியா குனிந்து பார்த்தாள்.

அக்காவின் பாதம் பிரேக்கின்மேல் நன்றாகப் படிந்திருந்தது. முழங்கால்கூட லேசாக மடங்கியிருந்தது.