பட்டன் வெச்ச போன்

"போன் நல்ல போன்தான். அதான் எனக்கு சந்தேகமா இருக்கு."

ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். இருவர் கழுத்திலும் ஒரே ஷூ கம்பெனியின் அடையாள அட்டை. பேசியவள் மூத்தவள், சூப்பர்வைசர்.

"இன்னாக்கா சந்தேகம்?" என்றாள் இளையவள்.

"தோல் தேச்சுத் தேச்சு என் விரல் ரேகையே போய்டுச்சு. டச் போன்ல எழுத வராது. அதுல பட்டன் இருக்கு, மெயில் எல்லாம் நானே அடிச்சேன். ஒரு வாரம் பாத்துட்டு சொல்லுன்னு மேனேஜர் குடுத்தாரு."

"அப்புறம் இன்னா?"

"ஞாயித்துக்கிழமை வேலூர் சத்துவாச்சாரிக்கு வேற கம்பெனி இன்டர்வியூ போனேன். வீட்ல கூட சொல்லல, அந்த போன் மட்டும்தான் கூட இருந்துச்சு. மறுநாள் மேனேஜர் கேக்கறாரு, 'சத்துவாச்சாரில சொந்தக்காரங்க இருக்காங்களா'ன்னு."

"நீ இன்னா பண்ண?"

"இன்னைக்கு காலைல போனை அவர் டேபிள்லயே வெச்சுட்டு வந்துட்டேன்."

இளையவள் கைப்பையைத் திறந்தாள். அதிலிருந்து பட்டன் வைத்த ஒரு போனை எடுத்துக் காட்டினாள்.

"மதியம் இதை என்கிட்ட குடுத்துட்டாங்கக்கா. நீ பாத்துட்டு சொல்லுன்னாங்க."

மூத்தவள் குரலைத் தாழ்த்தினாள். "நான் இவ்ளோ நேரம் பேசினதை அது கேட்டிருக்குமா?"

"தெரியலக்கா. சார்ஜ் மட்டும் ரொம்ப நேரம் நிக்குது."