பெனிஷாவின் ஐந்து கட்டை

சுருதிப் பெட்டியை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது சார், உள்ளே நீர் இறங்கிவிடும். எங்கள் வீட்டில் அதைத் துடைப்பதும் காலையில் போட்டுவிடுவதும் என் வேலை. என் மனைவி பெனிஷா பாடகி. பழைய கிறிஸ்தவக் கீர்த்தனைகளின் ராகங்களை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவள். அவள் பாட்டுக்காகவே கிருஷ்ணகிரியில் சர்ச் வாசல் மிதிக்காதவர்களும் வந்து உட்காருவார்கள்.

நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிறவன். மயிரிழை வித்தியாசம் என் கைக்குப் பழக்கம்.

சென்னையில் ஒரு கல்லூரி அவளைக் கூப்பிட்டது. நேரில் பாடிக் காட்டினால் வேலை உறுதி.

"நான் முன்னால போறேங்க. நீங்க மெதுவா வாங்க" என்றாள்.

போனவள் திரும்ப மாட்டாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. கெஞ்சினேன், அழுதேன். அவள் என் தலையைத் தடவிவிட்டுப் பாட உட்கார்ந்தாள். தேர்வு வரை கச்சேரி எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

அவள் பாடுவது ஐந்து கட்டைச் சுருதியில்; கட்டை ஏறினால் குரலும் மேலே ஏறியாக வேண்டும். பெட்டியில் சுருதியை நுணுக்கமாக நகர்த்த ஒரு சின்னத் திருகு உண்டு. தினம் காலையில் அதைத் துளி ஏற்றினேன். இன்றைக்கும் நாளைக்கும் உள்ள வித்தியாசம் எந்தக் காதுக்கும் தெரியாது. திருகு முடிந்ததும் பெட்டியைத் திறந்து உள்ளே ஏற்றினேன். வெளியே தெரிகிற எண் மட்டும் மாறவில்லை.

"ஏங்க, மேல எட்டவே மாட்டேங்குது. பெட்டி சரியாத்தான் இருக்குதா?"

"அதே அஞ்சு கட்டைதான். உனக்குத்தான் தொண்டை கட்டிக்கிச்சு."

நம்பினாள். தன் தொண்டையைத்தான் சந்தேகப்பட்டாள். விட்டதைப் பிடிக்க முன்னைவிட அதிகமாகச் சாதகம் செய்தாள். நான் மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். எச்சிலில் ரத்தம் வந்த அன்று, நிறுத்திவிடட்டுமா என்று என்னைத்தான் கேட்டாள்.

"இன்னும் கொஞ்ச நாள்தானே, விடாம பாடு" என்றேன்.

குரல் நாண் கிழிந்து தழும்பாகிவிட்டது, இனிப் பாட முடியாது என்றார் டாக்டர். இப்போது பேச்சுகூட வெறும் காற்றாகத்தான் வருகிறது. அன்று அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை சார்.

அவள் தம்பி ஆஸ்டின் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவன். வீட்டுக்கு வந்தவன் சும்மா பெட்டியைப் போட்டு, கூடவே கீபோர்டை அழுத்திப் பார்த்தான். இரண்டும் ஒட்டவில்லை. பெட்டி ஆறரைக் கட்டைக்கு ஏறியிருந்தது. நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டான்.

ஆமாம், நான்தான் ஏற்றினேன். எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இருட்டுவதற்குள் என்னை அனுப்பிவிடுங்கள். பெனிஷா வீட்டில் தனியாக இருக்கிறாள். ஏதாவது ஒன்றென்றால் பக்கத்து வீட்டைக் கூப்பிடக்கூட அவளால் முடியாது. என்னை விட்டால் அவளை யார் பார்த்துக்கொள்வார்கள்?