கீழே பார்த்த பூனை

பூனை செதுக்குகிறவர்கள் பெரும்பாலும் மூக்கில் ஆரம்பித்துவிடுகிறார்கள். அது தப்பு. மூக்கு எங்கேயும் ஓடிப்போகாது. முதலில் கன்னத்தைப் பிடிக்க வேண்டும். கன்னம் உப்பலாக வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் கேட்டது இதை அல்ல என்று தெரியும். ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால், நான் ஏதோ கோபத்தில் செய்துவிட்டதாக எழுதிக்கொள்வீர்கள். எனக்குக் கோபமே வராது. என் மனைவியைக் கேட்டுப் பாருங்கள். அவள் இப்போது என்னோடு பேசுவதில்லை, ஆனாலும் இந்த விஷயத்தில் பொய் சொல்லமாட்டாள்.

பழைய கார்ட்டூன் படத்து உருவங்களை மரத்தில் செதுக்குவது என் தொழில். திரையில் தட்டையாக ஓடிய ஒரு சேவலைப் பிடித்து முதுகும் பிட்டமும் வைத்து நிற்கவைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. வரைந்த மனுஷர் முதுகைப் பற்றிக் கவலைப்பட்டே இருக்கமாட்டார். அந்தக் கவலையெல்லாம் எங்கள் தலையில்தான். சில விதிகளும் உண்டு. கைக்கு நாலு விரல்தான் வைக்க வேண்டும். ஐந்து வைத்தால் அது மனிதக் கையாகிவிடும், பார்க்கிறவர்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்.

நான் செதுக்குவேன், என் மச்சினன் வர்ணம் அடிப்பான். மனைவியின் தம்பி. உருண்டை முகம், பெரிய கண், காதுமடலில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டிக்கொண்டிருக்கும். வேலை செய்யும்போது சீட்டியடிப்பான், ஒரு பாட்டும் உருப்படியாக வராது. எங்கள் வீட்டில்தான் இருந்தான். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். இதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய படங்கள் மட்டும் போடுகிற தியேட்டர் ஒன்று இருக்கிறதே, அதன் முதலாளி முன்கூடத்துக்கு உருவங்கள் கேட்டார். சேவலும் சோம்பேறி நாயும் சுலபமாக முடிந்தன. நடுவில் வைக்க ஒரு பூனை வேண்டும் என்றார். அந்தக் காட்சி உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஓடுகிற வேகத்தில் பூனை மலையுச்சியைத் தாண்டிவிடும். காற்றிலேயே கொஞ்ச தூரம் ஓடும். பிறகு சந்தேகம் வந்து கீழே பார்க்கும். நிமிர்ந்து நம்மைப் பார்க்கும். கையை ஆட்டி டாட்டா காட்டிவிட்டு விழும். முதலாளிக்கு அந்த நிமிர்ந்து பார்க்கிற முகம் வேண்டும்.

முதல் பூனையைக் கொண்டுபோய் வைத்தேன். டிக்கெட் கொடுக்கிற அம்மா கவுன்ட்டரிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், பூனைக்கு வயித்து வலியா?"

திருப்பி எடுத்து வந்தேன். இரண்டாவது பூனையை மச்சினன் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு சிரித்தான்.

"கோச்சுக்காதீங்க அத்தான். இது பஸ்ஸ விட்டுட்ட மாதிரி நிக்குது. விழப்போறோம்னு தெரியறதுக்கும் விழறதுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கில்ல? அது வரல."

அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எனக்கு வயிறு எரிந்தது, ஆனால் சரி என்றால் சரிதான். அந்த யோசனையே அவனுடையது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

கண்ணாடி முன் நின்று பார்த்தேன். தெரிந்துகொண்டே ஏமாற நம்மால் முடியாது. ஆக, இன்னொருவர் முகம் வேண்டும். பூனைக்கு ஏற்ற முகம் வீட்டிலேயே இருந்தது. அவன் உட்காரப் போகும்போது நாற்காலியை இழுத்தேன். "விளையாடாதீங்க அத்தான்" என்று சிரித்தான். அவனுக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டில் வேண்டாம் என்கிறார்கள் என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் வாய் தொங்கியதே தவிர புருவம் ஏறவில்லை. துக்கம் முகத்தைக் கீழே இழுக்கும். எனக்கு வேண்டியது மேலே போகிற முகம். சும்மா சொன்னேன் என்று சொல்லிவிட்டேன். கட்டிப்பிடித்துக்கொண்டான், பாவம்.

பட்டறையில் மரம் உலர்த்துகிற பரண் உண்டு, நல்ல உயரம். அதற்குக் கீழேதான் மரச்சீவலைக் குவித்து வைப்போம். பரண் தரை வெறும் பலகைகள்தான். ஒரு பலகையின் முனையைத் தாங்குகட்டையிலிருந்து நகர்த்தி வைத்து அவனை மேலே அனுப்பினேன். சீவல் குவியலில் விழுந்தான். விழும்போதே சிரித்துக்கொண்டுதான் விழுந்தான். நான் கீழே நின்றதால் உள்ளங்காலும் மோவாயும்தான் தெரிந்தன. இரண்டு தவறுகள். கீழே மெத்தென்று இருப்பது தெரிந்தால் முகம் வராது. பார்க்கிறவன் எதிரே, அதே உயரத்தில் இருக்க வேண்டும்.

வீடு முன்னால், பட்டறை பின்னால். பகல் சாப்பாடு முடிந்தது. மனைவியிடம் திருகாணி வாங்கக் கடைக்குப் போகிறேன் என்று சொல்லி வாசல் வழியாகப் போய், பக்கத்துச் சந்து வழியாகத் திரும்பி வந்தேன். சீவலைக் காலையிலேயே கூட்டி அள்ளியிருந்தேன். பட்டறை சுத்தமாக இருந்தது, கீழே சிமென்ட் பளிச்சென்று தெரிந்தது. இன்னொரு வேலையும் செய்திருந்தேன். படத்தில் பூனை காற்றில் ஒரு கணம் நிற்கும். மனிதன் அப்படி நிற்கமாட்டான், அதற்கு நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். அதே பலகையை மறுபடி நகர்த்தி வைத்து, சட்டென்று சாயாமலிருக்க மறுமுனையில் ஒரு மரக்கட்டையைப் பாரமாக வைத்தேன்.

"அடுத்துச் செய்யப்போற பெங்குயினுக்கு ஒரு கட்டை பாத்துக் குடு, உனக்குத்தான் நல்லாத் தெரியும்" என்று அவனைக் கூப்பிட்டேன். நானும் மேலே ஏறி, கெட்டியான பலகையில் நின்றுகொண்டேன். சீட்டியடித்துக்கொண்டே வந்தான். பலகை கொஞ்சம் யோசித்துவிட்டுச் சாய்ந்தது. கீழே பார்த்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். புருவம் நெற்றி முடிவரை போனது. கன்னம் உப்பியது. எவ்வளவு நாளாகத் தேடிய முகம்! மனசு நிறைந்துவிட்டது என்று சொன்னால் அது பொய்யில்லை.

படங்களில் விழுந்த பூனை காகிதம் மாதிரி நசுங்கும், அடுத்த காட்சியில் முழுசாக வந்து நிற்கும். நானும் கொஞ்சம் பார்த்தேன். முனகல் மட்டும் வந்தது. முகம் மறந்துவிடப் போகிறதே என்று மேஜைக்குப் போய்க் கன்னத்தையும் புருவத்தையும் மட்டும் உளியால் குறித்துக்கொண்டேன். சத்தம் இருந்தால் எனக்குக் கை ஓடாது. அன்று ஓடியது. பிறகு கடைக்குப் போய்த் திருகாணி வாங்கினேன். போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாமலிருந்தால் பொய்யாகிவிடும் அல்லவா? திரும்பி வந்துதான் கூச்சல் போட்டேன். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். என் மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பூனைக்கு நானே வர்ணம் அடித்து முடித்தேன். விளிம்புகள் கொஞ்சம் பிசிறடித்திருக்கும். அவன் கை எனக்கு வராது, அவன் இல்லாத குறை அதில்தான் தெரிந்தது. ஆனால் தியேட்டரில் வைத்ததும் டிக்கெட் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். முதலாளி என் கையைப் பிடித்து, "இப்பத்தான் சார் உயிர் வந்திருக்கு" என்றார். சந்தோஷமாக இருந்தது. வீட்டில் அழுதுகொண்டே கிடக்கிறாளே, கொஞ்சம் சிரிக்கட்டும் என்று மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன்.

கூடத்தில் அவள் மட்டும் சிரிக்கவில்லை. பூனையின் கன்னத்தைத் தொட்டாள்.

"இந்த மூஞ்சிய நீங்க எங்க பாத்தீங்க?"

"கற்பனைதான்" என்றேன்.

"இது என் தம்பி மூஞ்சி. நீங்க கடைக்கில்ல போயிருந்தீங்க?"

அதற்குப் பிறகு அவள் நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தாள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆம், நான்தான் செய்தேன், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு விஷயத்தில்தான் எனக்கு மனத்தாங்கல். அந்தப் பூனையின் வலது கையைக் காட்டி, அவன் பிடித்துக்கொள்ளச் சொல்லி நீட்டியிருக்கிறான் என்கிறாள் அவள். நீங்களும் அதையே சொல்கிறீர்கள். நீங்கள் இரண்டு பேரும் அங்கே இல்லை. நான் இருந்தேன். நான் கையை நீட்டியிருந்தால் அவன் விரல் என் விரலில் பட்டிருக்கும், அவ்வளவு பக்கம். அவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்தவன் சொல்கிறேன், அவன் டாட்டாதான் காட்டினான்.