குரல்காரன் பங்கு

டீயில் சர்க்கரை வேண்டாம் சார், எனக்குச் சுகர் இருக்கிறது. கட்டாயப்படுத்திச் சங்கத்தில் ஆள் சேர்க்கிறோமா என்று நீங்கள் கேட்டதற்குச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

படூரிலிருந்து திருப்போரூர் வரை எந்தக் கடைக்குக் கிரானைட் வந்தாலும் எங்கள் சங்கம்தான் இறக்கும். நான் செயலாளர். குரல்காரனும் நான்தான். ஆளுயரப் பலகைக் கல்லை நான்கு பேர் பிடிக்கும்போது ஒருவனுக்கு மற்றவன் தெரியமாட்டான். அதனால் ஒருவன் தள்ளி நின்று ‘பிடி’, ‘சாய்’, ‘விடு’ என்பான். அவன் கல்லைத் தொடமாட்டான். ஆனால் கூலியில் அவனுக்கும் சம பங்கு உண்டு. அந்தக் குரலுக்குக் கை யோசிக்காமல் கீழ்ப்படிய வேண்டும். யோசித்தால் விரல் போய்விடும்.

கலையரசன் பல வருடம் என் குரலுக்கு வேலை செய்தவன். போன மாதம் சங்கத்தை விட்டான். படூரில் ஒரு கடை முதலாளியிடம் தனியாகப் பேசி, தம்பி பாலாவையும் இன்னும் இரண்டு புது ஆட்களையும் சேர்த்துக்கொண்டான்.

நான் நேரில் போய்ப் பொறுமையாகத்தான் பேசினேன்.

“கலை, சங்கத்துல இல்லாதவன் இந்த ரோட்டுல கல் எறக்குனதே கெடையாது.”

“கை என்னுது, கல்லு அவுருது. நடுவுல நீ இன்னாத்துக்கு அண்ணாத்த?” என்றான். “தூர நின்னுகினு கத்துறதுக்கு ஒரு பங்கா? அதுக்கு ஒரு காக்கா வளத்துக்கிறேன். பாதி வடைல வேல முடிஞ்சிடும்.”

என்னோடு வந்த என் ஆட்களே சிரித்தார்கள். அந்த வாரமே மேலும் சிலர் விலகப்போவதாகக் காதில் விழுந்தது. இப்படி விட்டால் சங்கம் இருக்காது சார்.

அடுத்த லாரி வந்த அன்று எங்கள் ஆட்களோடு கடை வாசலில் போய் நின்றேன். கலையரசன் தானே குரலும் கொடுத்து, தானே கல்லையும் பிடித்துக்கொண்டிருந்தான். கல் மறைத்ததால் அவனுக்கு என்னைத் தெரியவில்லை. பாரம் முழுக்க அவன் பக்கம் சாய்கிற நேரம் பார்த்து, எப்போதும் சொல்கிற அதே குரலில் ‘விடு’ என்றேன்.

விட்டான். அவ்வளவு பழக்கம். மற்றவர்கள் என் குரலுக்குப் பழகாதவர்கள், பிடித்தபடியே நின்றார்கள். கல் அவன் நெஞ்சின் மேல் விழுந்தது.

கொஞ்ச நேரம் உயிர் இருந்தது. கல்லைத் தூக்கச் சொல்லி பாலா எங்கள் ஆட்களிடம் கெஞ்சினான். இரண்டு பேர் குனிந்தார்கள். சங்கம் எடுக்காத சரக்கை நம் ஆள் தொடக் கூடாது என்ற விதியை நினைவுபடுத்தினேன். நிமிர்ந்துவிட்டார்கள். கட்டுப்பாடான பிள்ளைகள்.

அடக்கத்துக்குப் போய்ச் சங்கக் கொடியை அவன் மேல் போர்த்தினேன். அவன் மனைவி பிரபா அதை எடுத்து என் காலடியில் எறிந்தாள். துக்கத்தில் இருப்பவள், நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை பாலா சங்கத்துக்கு வந்து உறுப்பினராகச் சேர்ந்தான். ‘விடு’ என்றது யார் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் வந்தான். கட்டாயம், கட்டாயம் என்று எங்கள் மேல் பழி போடுகிறார்களே சார், நான் அவனை ஒரு வார்த்தைகூடக் கூப்பிடவில்லை.